வசனம் எழுதிய மலைக்கு மறுபடியும்

வியாழன், மேட்டுப்பாளையம் – குன்னூர்

காலை 7.10 மலை ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டது. எதற்காக இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மெகா சீரியலின் அவுட்டோர் ஷெட்யூலுக்காக நீலகிரிக்கு வந்தேன், வசனம் எழுதுபவளாக. சீரியலில் வசனம் எழுதுகிறவர்கள் லொகேஷனுக்குப் போவது அபூர்வம். திரைக்கதை ஒருவர் எழுதுவார், வசனம் இன்னொருவர் எழுதுவார். திரைக்கதை எழுதுபவர் அனுப்பும் சீன் ஆர்டரைப் பார்த்து நாம் வீட்டில் உட்கார்ந்து எழுதி வாட்ஸப்பில் தட்டிவிட்டால், வளசரவாக்கம் பக்கம் ஏதாவது ஒரு ஷூட்டிங் வீட்டில் அன்றைக்கே அது படமாகிவிடும். அந்த முறை மட்டும் இயக்குநர், "நீங்க மலைக்கே வந்து எழுதுங்க, இங்க இருந்து எழுதினா மலை மேல நின்னாலும் ஹாலில் பேசுற மாதிரிதான் இருக்கும்" என்று கூட்டிப்போனார். அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரியது. அந்த இடங்களை ஜெனரேட்டர் சத்தமும் கால்ஷீட் பதற்றமும் இல்லாமல் நடந்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, இப்போதுதான் வாய்த்தது.

கதையையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கதாநாயகியின் அம்மா, சின்ன வயதில் பிரிந்துபோன தன் அக்காவைத் தேடி மலைக்கு வருகிறாள். அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அவ்வளவுதான். இதில் ஒரு வாரத்துக்கான எபிசோடுகளை மலையிலேயே எடுக்க வேண்டும். அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக 22 நிமிடம் சொச்சம் படம் வேண்டும். சென்னையில் நாலு சுவருக்குள் என்றால் ஒரே நாளில் ஒரு எபிசோடு முடிந்துவிடும், இங்கே அந்தக் கணக்கு செல்லாது என்பது ரயில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துபோனது.

இந்தப் பாதை 1899இல் குன்னூர் வரைக்கும் வந்தது, 1908இல் ஊட்டியைத் தொட்டது. மொத்தம் 46 கிலோமீட்டர். கல்லாரிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும். அந்தக் கடகட சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே பாதிதான் கேட்கும், இன்றைக்கும் அப்படித்தான்.

அம்மா வேடத்தில் நடித்தவருக்குத் தமிழ் தாய்மொழி கிடையாது. சீரியலில் இது சாதாரணம். கேமராவுக்குப் பின்னால் நின்று ஒரு உதவி இயக்குநர் வசனத்தை வரி வரியாகச் சத்தமாகப் படிப்பார், நடிகை அதைக் கேட்டு அப்படியே திரும்பச் சொல்வார், குரலை அப்புறம் டப்பிங்கில் வேறொருவர் கொடுப்பார். பிராம்ப்டிங் என்போம். கல்லார் தாண்டியதும் பிராம்ப்டிங் நின்றுவிட்டது, ஏனென்றால் எதுவுமே அவர் காதில் விழவில்லை. உதவி இயக்குநர் தொண்டை கிழியக் கத்தினார், பாவம். நான் எழுதிக் கொடுத்திருந்ததோ அம்மாவும் மகளும் ஓடும் ரயிலில் பேசும் நீளமான சீன். இயக்குநர் என்னைப் பார்த்தார். சரி, ரயில் ஓடும்போது பேச்சே வேண்டாம், இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில் மட்டும் பேசட்டும் என்று முடிவு செய்தோம். ஹில்குரோவில் நாலு வரி, ரன்னிமேடில் மூன்று வரி. நடுவில் ஓடும் தூரமெல்லாம் அந்த அம்மாள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார், மகள் அவரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். குகைக்குள் ரயில் நுழைந்து இருட்டி வெளியே வரும்போதெல்லாம் அந்த முகம் வேறு மாதிரி இருந்தது. ஒரே பெட்டியில் ஒருவரையொருவர் இவ்வளவு நேரம் பேசாமல் பார்த்துக்கொள்ளும் சீனை அதற்கு முன் எங்கள் சீரியலில் யாரும் எடுத்ததில்லை. அந்த எபிசோடில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

இன்று ஹில்குரோவில் இறங்கி டீ குடித்தேன். குரங்குகள் அன்றைக்கு இருந்த அதே மும்முரத்தோடு இருக்கின்றன, பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள்.

வெள்ளி, குன்னூர்

காலையிலிருந்து ஒரே பனிமூட்டம், எதிரே பத்தடியில் நிற்கும் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. சிம்ஸ் பூங்காவுக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டு அறையிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நாங்கள் வந்தது ஐப்பசியில். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் வலுத்துப் பெய்யும். அதே மாவட்டத்தில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். மலையின் எந்த முதுகில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. சேனல் தேதி கொடுத்துவிட்டது, அதனால் கிளம்பியாயிற்று.

மழைகூடப் பரவாயில்லை, பெய்தால் நிறுத்திவிடலாம். வெளிச்சம்தான் பெரிய பாடு. சீரியலில் ஒரு சீனை முதலில் எல்லோரும் தெரிகிற மாதிரி மாஸ்டராக எடுப்பார்கள், அப்புறம் ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து சஜஷன், அப்புறம் ஒவ்வொரு முகத்துக்கும் க்ளோஸ். மாஸ்டர் எடுக்கும்போது பளிச்சென்று வெயில், சஜஷன் வைக்கும்போது மேகம் இறங்கிவிடும், க்ளோஸுக்கு வரும்போது பின்னால் மலையே இருக்காது, வெள்ளைத் துணி தொங்கவிட்ட மாதிரி இருக்கும். எடிட்டிங்கில் ஒட்டிப் பார்த்தால் ஒரே வாக்கியத்தின் முதல் பாதி வெயிலிலும் மறு பாதி மூட்டத்திலும் போகும். வெளியே குளிரில் இருந்த கேமராவை, லைட் போட்டுச் சூடாக்கிய வீட்டுக்குள் எடுத்துப்போனால் லென்ஸ் மேல் நீர் படிந்துவிடும், அது தெளியும்வரை மொத்த யூனிட்டும் சும்மா நிற்கும்.

ஒளிப்பதிவாளர் என்னிடம் வந்து, "மேடம், ஒரு மேகம் வந்து போறதுக்குள்ள முடியிற மாதிரி எழுதித் தாங்க" என்றார். நான் அவரோடு ஒரு காலை முழுக்கத் தோட்டத்து மேட்டில் நின்று மூட்டம் எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தப் பள்ளத்தில் முதலில் இறங்குகிறது என்று பார்த்தேன். அதற்குப் பிறகு நீளமான சீன்களை உடைத்துச் சின்னச் சின்னதாக, ஒவ்வொன்றும் ஒரே இடத்தில், பாதியில் வெளிச்சம் மாறினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளக்கூடியதாக எழுதினேன். மூட்டம் வந்தபின் எடுக்க என்றே தனியாக சில சீன்கள் கையில் இருந்தன. யூனிட் பையன்கள் அதற்கு 'மேக சீன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேகம் வந்தால் உடனே, "அக்கா, மேக சீன் பேப்பர்!" என்று கத்துவார்கள்.

சாயங்காலம் கொஞ்சம் வெளுத்தது. பெட்போர்டு பக்கம் ஒரு பேக்கரியில் வர்க்கி வாங்கினேன், சூடாக, கையில் எடுத்தாலே உதிர்கிற பதம். நாளை காலை கோத்தகிரி பஸ்.

சனி, கோத்தகிரி

இந்த ஊரைப் பற்றி எழுதத்தான் வந்தேன் என்று சொல்லலாம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, தங்கை சந்திக்கும் சீனை கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வைத்திருந்தோம். நிஜமாகவே கொழுந்து பறிக்கும் பெண்கள் பின்னால் தெரிய வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது. தயாரிப்புத் தரப்பில் ஒருவர் அவர்களிடம் போய், "அப்படியே வரிசையா நில்லுங்க, கேமராவப் பாக்காதீங்க, ஒரு மணி நேரம்தான்" என்றார். ஒரு பெண் மரியாதையாகவே கேட்டாள், "எடை யாரு சார் போட்டுக் குடுப்பாங்க?" அவருக்குப் புரியவில்லை. கொழுந்து பறிப்பில் நாள் கூலிக்கு இத்தனை கிலோ என்று ஒரு அளவு உண்டு, அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கிடைக்கும். ஒரு மணி நேரம் சும்மா நின்றால் சாயங்காலம் தராசில் அது தெரியும். சென்னையிலிருந்து ஒரு துணை நடிகரை அழைத்து வந்தால் பேட்டா, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் கொடுக்கும் ஒரு தொழில், இந்தப் பெண்களின் ஒரு மணி நேரத்தை மட்டும் இனாமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தது எனக்கு அன்றைக்கும் பொறுக்கவில்லை, இன்றைக்கும் பொறுக்கவில்லை. இயக்குநரும் நானும் சொல்லி, அவர்களுக்குப் பணமும் பேசி, யாரையும் நிறுத்தாமல் அவர்கள் வேலை செய்யும் வரிசைக்கே கேமராவைக் கொண்டுபோவது என்று ஆனது.

அங்கேதான் ஒருவரைப் பார்த்தேன், பெரியம்மா என்றே சொல்கிறேன். அவர் பெயரை இங்கே எழுத வேண்டாம். வரிசையில் மூத்தவர், கை போகும் வேகத்தைப் பார்த்தால் கண் கட்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமலே முதுகுப் பைக்கு. டீ இடைவேளையில் என் சீன் பேப்பரை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். தங்கை ஓடி வருகிறாள், அக்கா திகைத்து நிற்கிறாள், இருவரும் கட்டிப்பிடித்துப் பேசி அழுகிறார்கள், மூன்று பக்கம். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு புள்ள. ஆனா இம்புட்டு நேரம் நின்னு பேசினா மேஸ்திரி விடுவாரா? நாங்க பேசுவோம், நாள் முழுக்கப் பேசுவோம். கை நிக்காது. மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டோம், செடியப் பாத்துத்தான் பேசுவோம்" என்றார்.

அப்புறம் அவராகவே தன் கதையைச் சொன்னார். பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்து எஸ்டேட்டில். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அங்கே தோட்ட வேலைக்குப் போன மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது, 1976இல் அது கழகமானது. அதுதான் டான்டீ. பெரியம்மா அப்போது சிறுமி. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், அங்கிருந்து மண்டபம் முகாம். "மண்டபத்துல பேரு கூப்புடுவாங்க. கூப்புட்ட குடும்பம் ஒரு பக்கம் போகும், நாம ஒரு பக்கம். அதுக்கப்புறம் சித்தி குடும்பத்த நான் பாக்கவே இல்ல." இதைச் சொல்லும்போதும் அவர் கை பையில் கிடந்த முற்றின இலையைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தது.

எங்கள் கதையில் அக்காவும் தங்கையும் கோயில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தவர்கள். சீரியலில் குழந்தைகள் வேறெங்கே தொலைவார்கள். அன்று இரவு இயக்குநரிடமும் திரைக்கதை எழுதியவரிடமும் பேசி, அதை மண்டபம் என்று மாற்றினோம். பெரியம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்றினோம். மூன்று பக்க சீனும் போனது. புதிதாக எழுதியது இப்படி: தங்கை வரிசைக்குள் வந்து, கீழ்வரிசையில் நின்று, பழக்கமில்லாத கையோடு பறிக்க ஆரம்பிக்கிறாள். மேல்வரிசையில் அக்கா, திரும்பாமலே பேசுகிறாள்.

"முத்தின இலையப் பறிக்காத. கழிச்சுருவாங்க."

"சரிக்கா."

"யாரு வீட்டுப் புள்ள நீ?"

"மண்டபத்துல உன் கையப் புடிச்சிருந்தேன்."

அக்காவின் கை ஓடிக்கொண்டே இருக்கிறது, இரண்டு செடி, மூன்று செடி தாண்டிப் போகிறது. அப்புறம்தான் நிற்கிறது. கை நிற்பதுதான் அந்த சீனில் அழுகை. வேறு அழுகை எழுதவில்லை.

சரிவில் மேல்வரிசை, கீழ்வரிசை என்பதால் இருவரையும் ஒரே ஃபிரேமில், ஒருவர் பின்னால் ஒருவராகப் பிடிக்க முடிந்தது. ரியாக்‌ஷன் ஷாட் இல்லை, முகத்துக்கு முகம் வெட்டுவது இல்லை. சென்னையிலிருந்து எடிட்டர் போன் செய்து, "க்ளோஸ் எதுவுமே வரலையே, மெமரி கார்டு விட்டுப்போச்சா?" என்று கேட்டார். சேனலில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், இயக்குநர் உறுதியாக நின்றார், அப்படியே ஒளிபரப்பானது. வீட்டுக்குள் நடக்கும் சீன்களில்கூட அதற்குப் பிறகு நான் முதலில் கேட்டுக்கொள்வது, இவர்கள் கை இப்போது என்ன வேலையில் இருக்கிறது என்பதைத்தான். வெங்காயம் உரிக்கிறாளா, துணி மடிக்கிறாளா, வண்டி துடைக்கிறானா. அது தெரிந்துவிட்டால் வசனம் பாதியாகக் குறைந்துவிடும்.

இன்று பெரியம்மாவைப் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார், மகள் வீட்டில் இருக்கிறார். என்னை அடையாளம் தெரிய கொஞ்ச நேரம் ஆனது, தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பால் இல்லாத தேத்தண்ணியும் ரொட்டியும் கொடுத்தார். அந்த எபிசோடு வந்த அன்று லைனில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த எல்லோரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்களாம். "நல்லா எடுத்திருந்தாங்க. ஆனா அந்தப் புள்ள பை தொங்கவிட்டது சரியில்ல, அப்படித் தொங்குனா ஒரு மணி நேரத்துல கழுத்து போயிரும்" என்றார். குறித்துக்கொண்டேன்.

ஞாயிறு, கேத்தி – ஊட்டி

இன்று சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன், கால் வலி.

கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு படுகர் ஹட்டியில், அதாவது படுகர் சமூகத்தாரின் ஊரில், எங்கள் சீரியலுக்காக ஒரு சாவு வீட்டுக் காட்சி எடுக்க நினைத்திருந்தோம். வரிசையாக வீடுகள், கீழே காரட்டும் பீட்ரூட்டும் விளையும் படிப்படியான நிலம், கண்ணுக்கு அவ்வளவு நிறைவான ஊர். ஊர்ப் பெரியவர்கள் எங்களை உட்காரவைத்து காபி கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, கல்யாணம் எடுங்கள், பண்டிகை எடுங்கள், எங்கள் ஊருக்குள் பொய்ச் சாவு வேண்டாம் என்று சொன்னார்கள். படுகர்களுக்குச் சாவுச் சடங்கு மிகப் பெரிய விஷயம், இறந்தவரின் பாவங்களை வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்டு அனுப்பும் மரபு அவர்களிடம் உண்டு. அதை நடிப்பாக அவர்கள் தெருவில் செய்யச் சொல்வது எங்களுக்கே சரியாகப் படவில்லை. அந்த சீனையே கதையிலிருந்து நீக்கிவிட்டோம், கதைக்கு ஒன்றும் குறையவில்லை. ஷூட்டிங்குக்கு ஊர் தேடிப் போகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, அனுமதி கேட்கும்போது சீனையும் முழுதாகச் சொல்லுங்கள், வீட்டு வாசல் வாடகைக்கு மட்டும் பேசிவிட்டு வராதீர்கள்.

ஊட்டியில் கூட்டம். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபிறகும் ஞாயிற்றுக்கிழமை சேரிங்கிராஸில் வண்டிகள் நகரவில்லை. அறைக்கு வந்துவிட்டேன்.

திங்கள், ஊட்டி – பந்தலூர்

கூடலூர் சாலை எனக்கு நீலகிரியிலேயே பிடித்த சாலை. தலைகுந்தா தாண்டி பைன் மரக்காடு, அப்புறம் புல்வெளி மேடுகள். அதில் ஒரு மேட்டுக்கு 'ஷூட்டிங் மேடு' என்றே பெயர் வந்துவிட்டது, அத்தனை படப்பிடிப்பு. எங்கள் யூனிட்டும் அங்கே ஒரு மாண்டேஜ், அதாவது வசனமில்லாத காட்சித் தொகுப்பு எடுத்தது. காற்று வேறு, ரிஃப்ளெக்டரைப் பிடித்த இரண்டு பேரும் அதோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருந்தார்கள். அங்கே எனக்கு எழுத வேலையில்லை, தோடர் எருமைகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் இரண்டு மூன்று நின்றன, வளைந்த பெரிய கொம்புகளோடு.

பைக்காரா, நடுவட்டம். நடுவட்டத்தில் 1860களில் சின்கோனா பயிரிட்டு, அதன் பட்டையிலிருந்து கொய்னா மருந்து எடுத்தார்கள். பஸ் அங்கிருந்து இறங்க இறங்கக் காது அடைத்துத் திறந்தது. கூடலூரில் பஸ் மாறி பந்தலூர் வந்தபோது நல்ல மழை. இந்தப் பக்கம் தமிழும் மலையாளமும் கன்னடமும் ஒரே டீக்கடையில் கேட்கும், பழங்குடிகளான பனியர்களும் குறும்பர்களும் மற்ற எல்லோருக்கும் முன்பிருந்தே இருப்பவர்கள், இலங்கையிலிருந்து வந்தவர்களின் குடியிருப்புகள் சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம் என்று நெடுகிலும்.

பெரியம்மா கொடுத்த விலாசத்தை வைத்து இங்கே ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். அவர்களும் அதே கப்பல் வழியாக வந்தவர்கள். நாலு மணிக்கு எடை போடும் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். தகரக் கூரை, தொங்கும் தராசு, நனைந்த சாக்கோடு வரிசை. ஈரமான கொழுந்து என்பதால் எடையில் இவ்வளவு கழிப்பேன் என்று எழுதுகிறவர் சொல்ல, அவ்வளவு கழிக்கக் கூடாது என்று ஒரு அம்மாள் சொல்ல, பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்ள, பத்து நிமிடம் போனது. யாரும் குரலை உயர்த்தவில்லை, யாரும் வரிசையை விட்டு நகரவும் இல்லை. கடைசியில் கழிவு குறைந்தது.

ஒரு புதிய தொடருக்கு முதல் சீன் தேடிக்கொண்டிருந்தோம், இயக்குநரும் நானும். அறைக்கு வந்ததும் இதை ஒன்லைனாக, ஒரு வரிக் கதையாக எழுதி அவருக்கு அனுப்பினேன். கதாநாயகி அந்த வரிசையில் ஆறாவதாக நிற்பாள், அவள் முறை வரும்வரை பேச மாட்டாள். கூடவே இரண்டு விஷயம் எழுதினேன்: வரிசையில் நிற்பவர்கள் இந்த ஊர்ப் பெண்களாகவே இருக்க வேண்டும், அவர்களுக்கு வசனமும் பேட்டாவும் டைட்டிலில் பெயரும் வேண்டும். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "சம்மதம். எடை போடுற நேரத்தைத் தொந்தரவு பண்ணாம எப்படி எடுக்கலாம்னு அங்கயே கேட்டுட்டு வாங்க." நாளை காலை அந்தக் குடும்பத்தோடு தோட்டத்துக்குப் போகிறேன், மேஸ்திரியையும் பார்க்க வேண்டும்.